சார்ட் போடத் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை

கேள்வி:
மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குத் தரக் கட்டுப்பாடு எடுக்கிறேன். எக்ஸ்-பார், ஆர் சார்ட் (மாதிரிகளின் சராசரியையும் வீச்சையும் வரிசையாகக் குறிக்கும் வரைபடம்) கணக்கு கொடுத்தால் மளமளவென்று போட்டுவிடுகிறார்கள், மாதிரிக்கு 5 காய் (மெஷினில் செய்த பாகம்) என்றால் லிமிட் கணக்கில் வரும் ஏ2 என்ற மாறிலி எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 0.577 என்பார்கள். ஆனால் போன வாரம் ஒரு பையன் சார்ட்டில் கன்ட்ரோல் லிமிட்டுக்கு (அளந்த காய்களிலிருந்தே கணக்கிடும் எல்லைக்கு) பதிலாக டிராயிங்கில் இருந்த டாலரன்ஸையே (காயின் அளவில் அனுமதித்த வித்தியாசத்தையே) கோடாக இழுத்துவிட்டான், வகுப்பில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. லேபில் இருப்பது 2 பழைய லேத், ஐந்தாறு மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவு எடுக்கும் கருவி). எப்படிப் புரியவைப்பது?

பதில் 1:
பையனைத் திட்டாதீர்கள் சார், நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆடிட்டுக்கு ஒட்டி வைத்த சார்ட்டே அப்படித்தான் இருந்தது. 25 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் ±0.05 என்று வையுங்கள். ஐந்தைந்தாக அளந்து மொத்தச் சராசரி 25, ஆர்-பார் (வீச்சுகளின் சராசரி) 0.02 வந்தால், அதை ஏ2-ஆல் பெருக்கிப் பாருங்கள், சராசரிக்கான லிமிட் 25-க்கு மேலும் கீழும் 0.012 கூட இல்லை. ஒரு மாதிரியின் சராசரி 25.015 வருகிறது, ஐந்து ஷாஃப்ட்டும் ஓகேதான், பார்ட்டி வாங்கிக்கொள்வார், ஆனால் மெஷினில் ஏதோ மாறிவிட்டது, போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்திருக்கும். டாலரன்ஸ் ஒவ்வொரு காய்க்கும் டிசைனர் போட்டது. லிமிட், மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்வது.

பதில் 2:
அதெல்லாம் சரி, முதலில் அளக்கத் தெரிகிறதா? ஒரே ஷாஃப்ட்டைப் பத்துப் பேரிடம் கொடுங்கள், ஒருவர் அளவை இன்னொருவர் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். அளவான அழுத்தத்தோடு நிற்கும் ராட்செட்டை (கடைசியில் உள்ள சிறு திருகு) விட்டுவிட்டு திம்பிளை (சுழலும் உருளை) பிடித்து இறுக்குகிற ஆசாமி கட்டாயம் ஒருவன் இருப்பான்.

பதில் 3:
தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங்கின் புனல் சோதனை செய்யலாம், செலவே இல்லை. இலக்காக ஒரு புள்ளி வைத்து அதற்கு மேல் புனலைப் பிடித்து கோலியை விடுங்கள். முதலில் புனலை அசைக்காமல் 50 தடவை. அப்புறம், கோலி எவ்வளவு விலகி விழுகிறதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் ஒவ்வொரு தடவையும் புனலை நகர்த்தி இன்னொரு 50. சரிசெய்யச் சரிசெய்யச் சிதறல் கூடத்தான் செய்யும். காய்க்குக் காய் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் நிலைத் திருத்தம்) மாற்றும் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) ஆபரேட்டர் செய்வது இதேதான்.

கேட்டவர்:
இன்று மைக்ரோமீட்டர் மட்டும் செய்தோம். ஒரே ஷாஃப்ட்டுக்கு 24.97 முதல் 25.01 வரை வந்தது, யாருடையது சரி என்று பெரிய சண்டை. கடைசியில் பார்த்தால் 2 மைக்ரோமீட்டரில் ஜீரோவே சேரவில்லை, இது எனக்கே தெரியாது! கோலி வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.