ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஞாயிறு பள்ளி ஆசிரியை, தர்மபுரி:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைச் சொல்லி வருகிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிக்கு உதவ அவரை அழைத்ததையும், மருத்துவரான அவருடைய தகப்பனார் வர இருந்தும் ஆண் என்பதால் வேண்டாம் என்று திரும்பிப் போனதையும், அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதையும் கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு மாணவி, "என் வீட்டுக் கதவை அப்படி யாரும் தட்டவில்லையே அக்கா, தேவன் என்னை அழைக்கவில்லையா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. சபை மூப்பர் ஒருவரோ, மனிதரை இவ்வளவு உயர்த்திச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் கிறிஸ்துவை விட்டு விலகிவிடும் என்று அஞ்சுகிறார். இருவருக்கும் நான் என்ன சொல்லட்டும்?

ஓய்வுபெற்ற செவிலியர், கிருஷ்ணகிரி:

அந்த இரவோடு கதையை நிறுத்திவிடாதீர்கள், சகோதரி. ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் தாம் மிஷனரி ஆவதில்லை என்றே இருந்தார். நோயுற்ற தாயைக் கவனிக்கத்தான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மூவர் இறந்த மறுநாளே அவர் மருத்துவராகிவிடவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிச் சென்று, ஆண்டுக்கணக்கில் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். வந்த அந்த ஆண்டிலேயே தகப்பனாரும் காலமானார். அருகிலிருந்து வழிகாட்ட வேண்டியவர் இல்லாமல், நோயாளிகளின் நம்பிக்கையையும் இனிமேல்தான் பெற வேண்டும் என்ற நிலையில், ஒரு சிறிய அறையில் வைத்தியம் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வேலை வளர்ந்தது. தம் இரண்டு கைகள் போதாது என்று கண்டு பிற பெண்களைப் பயிற்றுவித்ததையே அவருடைய விசுவாசத்தின் பெரிய செயலாக நான் மதிக்கிறேன்.

என் பணிக்காலத்தில் ஒரு நள்ளிரவில், அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடன் வந்த மாமியார் முதலில் கேட்டதே, "பொம்பளை டாக்டர் இருக்காங்களாம்மா?" என்பதுதான். இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்த நிமிடத்தில் நான் மனதுக்குள் செய்த ஜெபம் இன்னும் நினைவிருக்கிறது. கதவு தட்டப்படும் ஓசை எல்லோருக்கும் ஒரே விதமாகக் கேட்பதில்லை என்று உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள்.

வாசகர், பென்னாகரம்:

மூப்பர் ஐயாவின் அச்சத்தை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால், தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதுபோலத் தம்மைப் பின்பற்றும்படி பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். ஐடாவின் பள்ளி வளர்ந்து உருவான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோளும், ஊழியம் கொள்ளும்படி வராமல் ஊழியம் செய்யவே வந்தேன் என்ற இயேசுவின் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஐடாவைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளின் பார்வை எங்கே நிலைக்க வேண்டுமோ அங்கே நிலைக்கும்.

இன்னொன்றும் வேண்டிக்கொள்கிறேன். அந்த இரவில் வந்தவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர். அவர்களைக் கல்நெஞ்சர்களாகச் சித்திரிக்காதீர்கள். மனைவியைக் காப்பாற்றத்தான் இருட்டில் ஓடி வந்தார்கள், வழக்கம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. நம் பிள்ளைகள் எல்லா மதத்தாரோடும் ஒரே தெருவில் வாழ்கிறவர்கள். 1918இல் படிக்க வந்த நம் நாட்டுப் பெண்களின் துணிவையும் சொல்ல மறக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு மகளை மருத்துவம் படிக்க அனுப்பிய பெற்றோருக்கும் விசுவாசம் வேண்டியிருந்தது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை, தர்மபுரி:

இருவருக்கும் நன்றி. அந்த மூன்று கணவர்களைப் பற்றி நான் சொன்ன விதத்தில் பிழை இருந்தது. வரும் வாரம் திருத்திச் சொல்வேன். அந்த மாணவி செவிலியர் படிப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வகுப்புக்கு வந்து, அந்த அஞ்செட்டிப் பெண்ணைப் பற்றி நீங்களே பிள்ளைகளிடம் சொல்ல இயலுமா?