அக்காவின் மூளைக் கட்டிக்கு சின்க்ரோட்ரான் சிகிச்சை கிடைக்குமா?

கேள்வி

வணக்கம். என் அக்காவுக்கு 41 வயது, கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 30 தடவை கரண்ட் வைத்தார்கள், மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு). கூடவே டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை. அது முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் எடுத்த எம்ஆர்ஐயில் பழைய இடத்து ஓரத்திலேயே மறுபடி தெரிகிறது என்கிறார்கள். பிரான்ஸில் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற ராட்சத எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் எலி மூளைக்கு நூற்றுக்கணக்கான கிரே கொடுத்தும் மூளை தாங்கியது என்று படித்தேன். அக்காவுக்கு 60க்கு மேல் முடியாது என்றார்களே, அது எப்படி இது எப்படி? அங்கே கூட்டிப்போனால் செய்வார்களா? வீட்டை விற்கவும் தயாராக இருக்கிறோம்.

பதில் 1

தம்பி, நான் கதிர் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர். நீங்கள் படித்த முறைக்கு மைக்ரோபீம் என்று பெயர், கதிரை மெல்லிய கோடுகளாகப் பிரித்துக் கொடுப்பது. படிக்கும் காலத்தில் ஒரு சின்க்ரோட்ரானில் அதை அளக்கும் குழுவில் இருந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மைக்ரோபீம் சிகிச்சை இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை. வீட்டை விற்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்ட 'எப்படி'. கதிர் பட்டால் நீலமாகும் ஒரு பிலிம் உண்டு. மைக்ரோபீம் பட்ட பிலிமை வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு நீலத் திட்டு, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு கோடும் 50 மைக்ரான், அதாவது தலைமுடி அளவு. அடுத்த கோடு 400 மைக்ரான் தள்ளி. கோட்டில்தான் அந்த நூற்றுக்கணக்கான கிரே. கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் (அதை நாங்கள் பள்ளம் என்போம்) சிதறி விழுவது மிகக் கொஞ்சம். கோட்டில் இருக்கும் செல்கள் சாகும், பள்ளத்தில் இருப்பவை பிழைத்து வந்து ரத்தக் குழாயை ஒட்டுப்போட்டுவிடும். நல்ல மூளையின் முதிர்ந்த குழாய்கள் இப்படித் தேறுகின்றன. கட்டியின் அவசரமாக முளைத்த குழாய்களால் அது முடிவதில்லை. ஆக, எலிக்குக் கொடுத்த எண்ணையும் அக்காவின் 60ஐயும் நேராக ஒப்பிடவே முடியாது. அக்காவுக்குக் கொடுத்தது பரப்பு முழுக்க ஒரே சீராக.

இது புது யோசனையும் அல்ல. 1960களில் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் டியூட்ரான் என்ற அணுத் துகள்களின் கற்றையை எலி மூளையில் செலுத்தினார்கள். 1 மில்லிமீட்டர் அகலத்தில் 140 கிரேயே திசுவை அழித்தது. 25 மைக்ரான் அகலத்தில் 4000 கிரே கொடுத்தும் திசு குலையவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதே இடத்தில் டேனியல் ஸ்லாட்கின் குழு இதை சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிருக்குக் கொண்டுவந்தது. பிறகு கிரெனோபிளிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் வேலை தொடர்ந்தது. கிரெனோபிளில் தானாகக் கட்டி வந்த ஒரு வளர்ப்பு நாய்க்கு இந்த சிகிச்சை கொடுத்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி நன்றாகவே சுருங்கியது. அந்தக் கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன்.

பிறகு ஏன் மனிதர்களுக்கு இல்லை? நாடித்துடிப்போடு மூளையும் அசைகிறது. மெதுவாகக் கொடுத்தால் கோடெல்லாம் கலங்கி, பள்ளமே இல்லாமல் போய்விடும். அதனால் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அந்த வேகம் சின்க்ரோட்ரானில்தான் கிடைக்கிறது. கிரெனோபிளின் வளையம் மட்டும் 844 மீட்டர் சுற்றளவு, அதை மருத்துவமனைக்குள் வைக்க முடியாது. இன்னொன்று ஆழம். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (கதிரின் ஆற்றல் அளவு) கதிர் திசுவில் 4 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகிறது. எலித் தலை வேறு, நம் தலை வேறு. இதற்கெல்லாம் மேலே, முடி அகலக் கோட்டில் எவ்வளவு விழுந்தது என்று நம்பி அளக்க வேண்டும். பிலிம் அரை மில்லிமீட்டர் நகர்ந்ததால் எங்கள் ஒரு நாள் வேலை முழுக்க வீணானது உண்டு. அங்கே இருந்தது வெறும் பிளாஸ்டிக் துண்டு, மனிதத் தலையாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் மறக்கவில்லை.

மனிதர்களுக்குக் கொடுத்தது வேறொரு முறை. 2012இல் கிரெனோபிளில் தொடங்கிய சோதனை அது. அயோடின் மருந்தை ரத்தத்தில் ஏற்றி, அது கட்டியில் தேங்கியிருக்கும்போது சுமார் 80 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கற்றையைக் கொடுத்தார்கள். அயோடின் இருக்கும் இடத்தில் டோஸ் கூடும். கற்றை அசையாது, நோயாளி உட்கார்ந்த நாற்காலிதான் சுழலும். ஆனால் அது வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டிகளுக்கு. அக்காவின் வகைக்கு அல்ல.

பதில் 2

நான் கதிர் சிகிச்சை மருத்துவர். கேள்வியில் 'இரண்டு மாதம்' என்று இருப்பதால் எழுதுகிறேன். கதிரும் மாத்திரையும் முடிந்த முதல் மூன்று மாதத்தில் கட்டி வளர்ந்தது போலவே எம்ஆர்ஐயில் தெரியலாம், உண்மையில் அது சிகிச்சையால் வந்த வீக்கமாகவும் இருக்கலாம். பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ, அதாவது அந்த இடத்து ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், எடுத்தார்களா என்று கேளுங்கள். நிஜமாகவே திரும்பியிருந்தாலும் 60 கிரேயோடு கதவு அடைபட்டுவிடாது. இடமும் அளவும் தோதாக இருந்தால் 10 தவணையில் 35 கிரே என்று மறுபடி கொடுப்பதும் உண்டு.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி மேடம், டாக்டர். பெர்ஃப்யூஷன் பற்றி எங்களிடம் யாரும் பேசவே இல்லை. நாளைக்கே கேட்கிறேன். வேறு என்ன கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில் 1

கரண்ட் வைத்த திட்டத்தின் முழு ஃபைலையும் சிடியில் கேளுங்கள் தம்பி. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. எந்த மில்லிமீட்டரில் எத்தனை கிரே விழுந்தது என்பது அந்த ஃபைலில்தான் இருக்கும். மறுபடி கதிர் கொடுப்பவரும் சரி, எந்த சோதனையில் சேர்ப்பவரும் சரி, முதலில் கேட்பது அதைத்தான். ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெர்ஃப்யூஷன் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.