லாட்ஜுக்கு லீஜியோனெல்லா ரிப்போர்ட் எதற்கு?

கேள்வி (கிருஷ்ணகிரி): பெங்களூரு ரோட்டில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு மாத வாடகையில் அறை கேட்கிறது. எல்லாம் பேசி முடித்த பிறகு 'லீஜியோனெல்லா ரிப்போர்ட்' வேண்டுமாம். எங்களுக்கு வருவது ஒகேனக்கல் தண்ணீர். குடிக்கத் தனியாக ஆர்ஓ இருக்கிறது, சுடுதண்ணீருக்கு மாடியில் சோலார். இதற்கு மேல் எதைச் சோதிப்பது?

பதில் (ஓசூர் சிப்காட், கூலிங் டவர் வேலை): அண்ணா, ஆர்ஓ இந்தக் கணக்கிலேயே வராது. லீஜியோனெல்லா என்பது ஷவரில் கிளம்பும் பொடித் துளியோடு மூச்சில் ஏறி, நுரையீரலில் நிமோனியாவாக உட்காரும் கிருமி. 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள், பலர் இறந்தார்கள். கிருமி அகப்பட்டது அடுத்த ஜனவரியில்தான்.

25 முதல் 45 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். ஏப்ரலில் உங்கள் மொட்டை மாடி கறுப்பு டேங்க்கைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். மழைநாள் சோலாரும் அதே வெதுவெதுப்புதான். உள்ளே 60 டிகிரி ஏற வேண்டும். அதற்குத்தான் கரண்ட் காயில், பில்லுக்குப் பயந்து ஆஃப் செய்து வைக்கிறோம்! அதைவிட எனக்குப் பயம், ஆள் வராத அறைக் குழாய்கள். தேங்கினால் உள்சுவரில் வழவழவென்று பாசி மாதிரி படலம் பிடிக்கும், அதற்குள் புகுந்துவிட்டால் குளோரின் சுலபத்தில் எட்டாது.

பதில் (தர்மபுரி, லேப் டெக்னீஷியன்): வழக்கமான குடிநீர் ரிப்போர்ட்டில் இது இருக்காது, பெயர் சொல்லிக் கேளுங்கள். கல்ச்சர், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், கம்பெனியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லேப் தரும் பாட்டிலில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், குளோரினை முறிக்கும் மருந்து அதில் இருக்கும். மற்றபடி இது ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள்தான் கவனம். தங்கிப் போனவருக்குக் கடும் காய்ச்சலும் இருமலும் வந்தால், லாட்ஜில் குளித்ததை டாக்டரிடம் சொல்லட்டும். பென்சிலின் வகை இதற்குக் கேட்காது, சிறுநீர்ச் சோதனை உண்டு.

கேட்டவர்: மேல்மாடியில் ரெண்டு அறை பொங்கலிலிருந்தே பூட்டிக் கிடக்கிறது. அப்புறம், 60 டிகிரி என்றால் குழந்தைகளுக்குச் சுடாதா?

ஓசூர்க்காரர்: டேங்க்கில்தான் 60. குளியலறையில் பச்சைத் தண்ணீரோடு கலந்து தரும் தெர்மோஸ்டாட் வால்வு போடுங்கள். பூட்டிய அறைகளில் வாரம் ஒருமுறையாவது சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் ரெண்டையும் சில நிமிடம் திறந்துவிட வேண்டும். முதல் தடவை ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறங்கள், சாரல் முகத்தில் அடிக்கக் கூடாது. அந்தத் தலை ரெண்டிலும் உப்பு ஏறிப் போயிருக்கும், புதுசே வாங்கிவிடுங்கள் அண்ணா. சுரண்டுகிற கூலிக்கு அதுவே மேல்.