மறு: மார்ஜின், பேடிங் ரெண்டுக்கும் தமிழ்ல என்ன சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம்,

இழை ரொம்ப நீண்டுபோச்சு, அதனால தனித்தனியா பதில் போடாம ஒரே மடலா எழுதிடறேன். யாருக்காக இந்தச் சொல்லைத் தேடறோம்ங்கறதுதான் முக்கியம். பிசிஏ மாதிரி படிப்புல முதலாமாண்டு சேர்ந்த பசங்க நிறையப் பேரு வலைப்பக்கம் கட்டற அறிமுகப் பாடத்தை இப்ப ஆன்லைன்லயே எடுக்கறாங்க. 2021ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி மாறினதுக்கப்புறம் ஒரு பருவத்துல 40 சதவீதப் பாடங்கள் வரைக்கும் ஸ்வயம்ங்கற மத்திய அரசோட ஆன்லைன் பாடத் தளம் வழியா படிச்சு கிரெடிட் வாங்கிக்கலாம், அதனால இது இனிமே கூடத்தான் செய்யும். வகுப்பு இங்கிலீஷ்ல ஓடுது, பாதிப் பேரு போன்லதான் பாக்கறாங்க, சந்தேகம் வந்தா பக்கத்துல கேக்க ஆளில்ல. அவங்களுக்குன்னு தமிழ்ல குறிப்பு எழுதறப்பதான் எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்டுச்சு.

பக்கத்துல என்னென்ன இருக்குன்னு எழுதற எச்டிஎம்எல் வரைக்கும் பிரச்சனையே இல்ல. தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, படம், இணைப்பு எல்லாமே பள்ளிக்கூடத்துலயே கேட்ட சொல்லுங்க. அதெல்லாம் எப்படித் தெரியணும்னு எழுதற சிஎஸ்எஸ்ல பாக்ஸ் மாடல் வந்த உடனேதான் தடுக்கி விழறாங்க. பக்கத்துல இருக்கற ஒவ்வொண்ணும் ஒரு பெட்டி, உள்ளேர்ந்து வெளிய போனா முதல்ல உள்ளடக்கம், அதச் சுத்தி பேடிங், அப்புறம் பார்டர், கடைசியா மார்ஜின். 1996 டிசம்பர்ல வந்த முதல் சிஎஸ்எஸ் வரையறையிலயே இந்த அடுக்கு இருக்கு, இன்னிக்கும் அதேதான்.

சரி, மார்ஜின்னு அப்படியே சொல்லிட்டுப் போனா என்னன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. நம்ம பசங்களுக்கு அந்தச் சொல் ஏற்கனவே தெரியும், அதுதான் சிக்கலே. நோட்டுல "மார்ஜின் போடு"ன்னா ஸ்கேல் வச்சு கோடு கிழிக்கறது. பத்து வருஷம் அப்படிப் பழகினவங்க மார்ஜின் 20 பிக்சல்னு எழுதிட்டு கோடு எங்க காணோம்னு தேடறாங்க. அவங்க தேடற கோடு பார்டர்.

> மார்ஜின் = ஓரம், பார்டர் = விளிம்பு, பேடிங் = திணிப்பு. அகராதியில் இருப்பதே போதுமே.

ஐயா, உங்க அனுபவத்து மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா இதுல ஒத்துப்போக முடியல. ஓரமும் விளிம்பும் பேச்சுல ஒண்ணுதான், தட்டோட ஓரம்னாலும் விளிம்புன்னாலும் ஒரே இடத்தத்தான் காட்டுவோம். ரெண்டையும் பிரிச்சு மனப்பாடம் பண்ணச் சொன்னா அது பசங்களுக்குக் கூடுதல் சுமைதான். திணிப்பு சுத்தமா ஆகாது. இடம் பத்தாத எடத்துல அழுத்தி அடைக்கறதுதான் திணிக்கறது, பேடிங் செய்யறது நேர் எதிர் வேலை, எழுத்து கோட்டுல போய் முட்டாம மூச்சு விட எடம் குடுக்குது. இயந்திர மொழிபெயர்ப்பு திணிப்புன்னு குடுக்குதுங்கறதுக்காக நாமளும் வச்சிக்க வேண்டியதில்ல.

> அகவெளி, புறவெளி என்று வைத்தால் சங்க மரபும் வரும், அழகாகவும் இருக்கும்.

அழகுதான் அக்கா, எழுதிப் பாத்தா எனக்கும் ஆசையா இருந்துச்சு. ஆனா வெளின்னா திறந்த இடமும்தான், வெளிப்பக்கமும்தான். அகவெளின்னு காதுல விழுந்தா உள்ளயா வெளியவான்னு ஒரு நொடி நிக்குது. இன்னொண்ணு, இது காதால கேட்டுப் படிக்கற பாடம், பஸ்ல போறப்ப போன் ஸ்பீக்கர்ல கேக்கறவனுக்கு முதல் அசை நழுவிட்டா ரெண்டு சொல்லும் ஒண்ணாயிடும். கேட்ட உடனே வேற வேறன்னு தெரியற சொல்லா இருக்கணும்.

இடைவெளின்னு ஒருத்தர் சொன்னதையும் யோசிச்சேன். அது கேப்ங்கற பண்புக்கு வேணும். ஃப்ளெக்ஸ் அடுக்குல (பெட்டிகள வரிசையா வைக்கற முறை) கேப் 2021லேர்ந்து எல்லா முக்கிய உலாவியிலயும் வேல செய்யுது, பெட்டிகளுக்கு நடுவுல மட்டும் இடம் விடும், வெளிப்பக்கம் விடாது. இடைவெளிங்கற சொல் அதுக்கு அச்சு அசலாப் பொருந்துது, அத இங்க செலவு பண்ணிட வேண்டாம்.

இப்ப என் முன்மொழிவு. பேடிங்குக்கு உள்ளிடம், பார்டருக்குக் கரை, மார்ஜினுக்கு விலக்கம்.

கரைக்கு விளக்கமே வேண்டாம்னு நினைக்கறேன், வேட்டிக்கரை சேலைக்கரை தெரியாத பிள்ளை கிடையாது. கரைக்கு அகலம் உண்டு, நிறம் உண்டு, ஒத்தைக் கோடா இரட்டைக் கோடா புள்ளியாங்கற தினுசு உண்டு, சிஎஸ்எஸ்ல பார்டருக்குக் குடுக்கற மூணு மதிப்பும் அதேதான்.

> கரை எண்டால் எங்கட பிள்ளையள் கடற்கரையைத்தான் நினைப்பினம்.

அண்ணை, நீங்க சொல்றது சரிதான், தனியாச் சொன்னா அப்படித்தான் தோணும். பெட்டியின் கரை, மேல்கரை, கீழ்க்கரைன்னு சேர்த்துச் சொன்னா அந்தக் குழப்பம் வராதுன்னு நம்பறேன். யாழ்ப்பாணத்துல சொல்லிப் பாத்துட்டு அப்பவும் இடிச்சா எழுதுங்க, மாத்திக்கலாம்.

விலக்கம்தான் நான் அழுத்திச் சொல்ல வர்றது. மார்ஜின் ஒரு இடமே கிடையாதுங்க, அது தூரம். பக்கத்துப் பெட்டி எங்கிட்டேர்ந்து இவ்வளவு விலகி நிக்கணும்னு ஒரு பெட்டி கேக்கற தூரம். வெளி, இடம், ஓரம்னு எந்தச் சொல்லப் போட்டாலும் அது ஒரு பட்டையா மனசுல பதிஞ்சிடுது, அங்கேர்ந்துதான் தப்புக் கணக்கே ஆரம்பிக்குது. மேல இருக்கற பத்திக்குக் கீழ்மார்ஜின் 30, கீழ இருக்கறதுக்கு மேல்மார்ஜின் 20 குடுத்தா நடுவுல எவ்வளவு? பட்டையா நினைக்கறவன் கூட்டி 50ன்னு சொல்வான், திரையில 30தான் வரும். பாடத்துல இத மார்ஜின் கொலாப்ஸ்னு சொல்லி ஒரு விதியா மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. விலக்கம்னு சொல்லிட்டா விதியே தேவைப்படல. ஒருத்தர் 30 அடி தள்ளி நில்லுங்கறாரு, எதிர்ல இருக்கறவரு 20 அடி போதும்ங்கறாரு, 30 அடி தள்ளி நின்னாலே ரெண்டு பேரு பேச்சும் நிறைவேறிடுச்சே. (இது மேல்கீழா அடுக்கின பெட்டிகளுக்கு மட்டும்தான், பக்கவாட்டுலயும், ஃப்ளெக்ஸ் அடுக்குலயும், கட்டம் கட்டமா வைக்கற கிரிட் அடுக்குலயும் ரெண்டும் கூடித்தான் வரும், அதக் குறிப்புல தனியாச் சொல்லிடணும்.)

மத்ததும் இதே மாதிரி தானா விளங்குது. பின்னணி நிறம் குடுத்தா உள்ளிடத்துல பரவுது, விலக்கத்துல பரவறதில்ல, தூரத்துக்கு ஏது நிறம். விலக்கத்துக்குக் கழித்தல் மதிப்பு குடுக்கலாம், பெட்டி நெருங்கி வந்து இன்னொண்ணு மேல ஏறிக்கும், உள்ளிடத்துக்கு அப்படிக் குடுக்க முடியாது, இடம் பூஜ்யத்துக்குக் கீழ எப்படிப் போகும். பட்டன் சின்னதா இருக்கு, விரல் சரியாப் படலன்னா உள்ளிடத்தக் கூட்டணும், விலக்கத்தக் கூட்டினா பக்கத்துப் பட்டன் தள்ளிப்போகுமே தவிர தொடற பரப்பு பெருசாகாது.

அகலக் கணக்கும் சுலபமாகுது. அகலம் 300, உள்ளிடம் ரெண்டு பக்கமும் 20, கரை ரெண்டு பக்கமும் 5ன்னா திரையில பெட்டி 350 எடுத்துக்கும், ஏன்னா இயல்பா அகலம்ங்கறது உள்ளடக்கத்தோட அகலம் மட்டும்தான். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 மட்டும் கரை வரைக்கும் சேர்த்து 300ன்னு எடுத்துக்கிட்டு அந்தக் காலத்துல எல்லாரையும் அலைக்கழிச்சுது, வேடிக்கை என்னன்னா இப்ப அந்தக் கணக்கத்தான் பாக்ஸ்-சைசிங் பண்பு வழியா பார்டர்-பாக்ஸ்னு கேட்டு வாங்கிக்கறோம். அதக் கரையளவுன்னு சொல்லிடலாம், கரை வரைக்கும் அளந்தது. மூணு பத்தி பக்கம் பக்கமா வைக்கச் சொல்ற முதல் அசைன்மென்ட்லயே மூணாவது பத்தி கீழ இறங்கிடுதுன்னு அழறாங்களே, முக்கால்வாசி இதுனாலதான்.

திட்ட விலக்கம்னு (ஸ்டாண்டர்டு டீவியேஷன்) புள்ளியியல்ல ஏற்கனவே இருக்கேன்னு கேப்பீங்க. அங்க எப்பவும் அடைமொழியோட வருது, பாடமும் வேற, இடிக்காதுன்னுதான் தோணுது. கணக்கு ஆசிரியர்கள் யாராச்சும் இழையில இருந்தா சொல்லுங்க.

கோடிங்ல இங்கிலீஷ்லதான் அடிக்கணும், அதுல மாத்தமில்ல. குறிப்புலயும் முதல் தடவை மார்ஜின் என்னும் விலக்கம்னு ரெண்டையும் சேர்த்தே எழுதப் போறேன், பரிட்சைத் தாள் இங்கிலீஷ்லதானே வருது.

அவுட்லைனுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கல. கரைக்கு வெளிய வரைஞ்சாலும் அது இடம் எடுத்துக்கறதில்ல, பக்கத்துப் பெட்டியையும் தள்ளறதில்ல, கீபோர்டுல நகர்றவங்களுக்கு இப்ப எங்க நிக்கறோம்னு காட்டற கோடு அது. புறக்கோடுன்னு வச்சா கரையோட குழம்புமோன்னு யோசனையா இருக்கு. யாருக்காச்சும் நல்ல சொல் தோணினா போடுங்க, குறிப்போட அந்தப் பகுதிய அதுவரைக்கும் அவுட்லைன்னே விட்டு வைக்கறேன்.

அன்புடன்