16எஸ் வரிசை நாலு விப்ரியோவோடும் பொருந்துகிறது, எந்தப் பெயரை எழுதுவது?

உப்புக்காற்று (கேள்வி)

வணக்கம். கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியத்துக்குப் பெயர் சொல்ல முடியாமல் நிற்கிறேன். ஆய்வேட்டில் அந்த ஒரு அத்தியாயம் இதனாலேயே நகரவில்லை.

மரைன் அகாரில் நன்றாக வளர்கிறது. இருட்டறையில் பார்த்தால் காலனிகள் நீலப்பச்சையாக ஒளிர்கின்றன. விப்ரியோக்களுக்கான டிசிபிஎஸ் தட்டில் (சுக்ரோஸைப் பயன்படுத்தினால் மஞ்சள், இல்லையென்றால் பச்சை) பச்சைக் காலனி. 27எஃப், 1492ஆர் பிரைமர்களை வைத்து பாக்டீரியங்களை அடையாளம் காண வழக்கமாக எடுக்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீனைப் பெருக்கி, ஒரு முனையிலிருந்து மட்டும் வரிசை வாசித்தோம். சுமார் 800 எழுத்துகள் கிடைத்தன. அதை பிளாஸ்டில் (தரவுத்தள வரிசைகளோடு ஒப்பிடும் தேடல் கருவி) போட்டால் விப்ரியோ ஹார்வேயி, விப்ரியோ கேம்பெல்லி, விப்ரியோ ஓவென்சி, விப்ரியோ ரோட்டிஃபெரியானஸ் எல்லாமே 99 சதவீதத்துக்கு மேல் வருகின்றன. எதுவும் முழு 100 இல்லை.

ஒளிர்வதால் ஹார்வேயி என்றே எழுதிவிடலாமா? குரோமட்டோகிராமில் (வரிசை வாசிப்பின் வரைபடம்) சில இடங்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு முகடுகள் தெரிகின்றன, அது கலப்படமா? அப்புறம், எதனோடும் 100 பொருந்தவில்லை என்பதால் இது புதுச் சிற்றினமாக இருக்கும் என்று கூடப் படிப்பவர் சொல்கிறார். அதில் உண்மை உண்டா?

அகார்தட்டு

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 16எஸ் ஒப்புமை ஒரு பக்கம்தான் பேசும். உங்கள் வரிசை, பெயருள்ள எந்தச் சிற்றினத்தோடு ஒப்பிட்டாலும் 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வேறு சிற்றினம் என்று சந்தேகப்பட இடமுண்டு. அதற்கு மேலே இருந்தால், அதே சிற்றினம் என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது. 1994-இல் சொன்ன 97 சதவீதத்தை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2006-லேயே அதை 98.7 முதல் 99 வரை உயர்த்திவிட்டார்கள். எனவே 99-க்கு மேல் வந்திருப்பதை மட்டும் காட்டி யாரும் புதுச் சிற்றினம் என்று அறிவிக்க முடியாது.

நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது ஹார்வேயி கூட்டத்தில். நீங்கள் சொன்ன நாலோடு ஜாசிசிடா, அல்ஜினோலிட்டிகஸ், பாராஹீமோலிட்டிகஸ், நேட்ரியெஜென்ஸ் எல்லாம் இதே கூட்டம்தான். இவற்றின் 16எஸ் வரிசைகள் ஒன்றோடொன்று அவ்வளவு நெருக்கம். 800 எழுத்தை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்கவே முடியாது. முழு 1,500 எழுத்தையும் வாசித்தாலும் பெரிதாக உதவாது.

இன்னொன்று. பிளாஸ்ட் பக்கத்தில் தெரிகிற பெயர், அந்த வரிசையைப் போட்டவர் எழுதிய பெயர். அவரும் உங்களைப் போலவே குழம்பி ஏதோ ஒன்றை எழுதியிருக்கலாம். தேடும்போது டைப் மெட்டீரியல் (ஒரு பெயருக்கு அதிகாரபூர்வ அடையாளமான வளர்ப்பு) வரிசைகளோடு மட்டும் ஒப்பிடு என்கிற பெட்டியை டிக் செய்துவிட்டுத் தேடுங்கள். பாதிக் குப்பை அங்கேயே கழிந்துவிடும்.

நெய்தல்

இரட்டை முகடு பற்றி. கலப்படம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். விப்ரியோக்களில் ஒரே ஜீனோமுக்குள் ஆர்ஆர்என்ஏ ஜீன் பல பிரதிகளாக இருக்கும். முதலில் முழு ஜீனோம் வாசிக்கப்பட்ட பாராஹீமோலிட்டிகஸ் ஸ்ட்ரெயினில் மட்டும் 11 தொகுதிகள் இருக்கின்றன. இந்தப் பிரதிகள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதில்லை. பிசிஆர் அத்தனையையும் சேர்த்தே பெருக்கும். வித்தியாசம் உள்ள இடத்தில் இரண்டு முகடு தெரிவது இயல்பு.

எப்படிப் பிரித்தறிவது? ஒரு காலனியை எடுத்து மறுபடி மறுபடி கோடிழுத்துத் தூய்மைப்படுத்துங்கள். பிறகு அதே வளர்ப்பிலிருந்து ஜீனோமில் ஒரே பிரதியாக உள்ள ஒரு ஜீனை, உதாரணமாக டோப்-ஏ அல்லது ஜைர்-பி, வாசியுங்கள். அது சுத்தமாக வந்து, 16எஸ் மட்டும் அதே இடங்களில் இரட்டையாக வந்தால் உங்கள் வளர்ப்பு தூய்மையானது. ஒற்றைப் பிரதி ஜீனிலும் இரட்டை முகடு வந்தால் தட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தச் சோதனை எப்படியும் உங்களுக்குத் தேவைப்படும், ஏனென்றால் அடுத்த கட்டத்துக்கும் அதே ஜீன்கள்தான்.

ஆழ்கடல்

ஒளிர்வதால் ஹார்வேயி என்று தயவுசெய்து எழுத வேண்டாம். இந்தத் தவறு பெரிய அளவில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று வேதிச் சமிக்ஞையால் பேசிக்கொள்வதை, அதாவது குவோரம் சென்சிங்கை, ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த ஸ்ட்ரெயின் பிபி120. அமெரிக்கச் சேகரிப்பகமான ஏடிசிசியில் அதன் எண் பிஏஏ-1116. அதன் ஜீனோம் ஹார்வேயி என்ற பெயரிலேயே வெளியானது. 2010-இல் ஜீனோம்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது கேம்பெல்லி என்று தெரிந்தது. எச்ஒய்01 என்ற இன்னொரு ஸ்ட்ரெயினுக்கும் அதே கதை. உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட 'ஹார்வேயி' ஹார்வேயியே இல்லை! அதற்கு முந்தைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த ஸ்ட்ரெயின் என்று பார்த்துவிட்டே படியுங்கள்.

ஒளி தரும் லக்ஸ் ஜீன்கள் இரண்டு சிற்றினங்களிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒளிராத ஹார்வேயி நிறைய உண்டு. டிசிபிஎஸ் நிறமும் அப்படியே, சுக்ரோஸைப் பயன்படுத்துவது ஹார்வேயிக்குள்ளேயே மாறுபடும். பச்சையோ மஞ்சளோ அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்தப் பெயரின் வரலாறும் நேர்கோடாக இல்லை. 1936-இல் அக்ரோமோபாக்டர் ஹார்வேயி என்று தொடங்கி, லூசிபாக்டீரியம், பெனக்கியா என்று பேரினம் மாறி மாறித்தான் விப்ரியோவுக்கு வந்தது. சுறாவிலிருந்து பிரித்து 1984-இல் கார்காரியே என்று பெயரிட்ட விப்ரியோவும் கடைசியில் ஹார்வேயி என்றே தெரிந்தது. ஓவென்சிக்கும் இதே போலக் கம்யூனிஸ் என்று இன்னொரு பெயர் வைத்து, பிறகு ஒன்றாக்கினார்கள்.

நுண்கண்

இவ்வளவு சிரமம் வேண்டுமா? புரதங்களின் நிறமாலையை வைத்து அடையாளம் சொல்லும் மால்டி-டாஃப் கருவி கிடைத்தால் சில நிமிடங்களில் பெயர் வந்துவிடுமே.

ஆழ்கடல்

கருவியின் நூலகத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது சொல்லும். ஓவென்சியின் நிறமாலை நூலகத்தில் இல்லையென்றால், ஓவென்சியைக் கொடுத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும். முதல் சல்லடையாக நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். இந்தக் கூட்டத்துக்குள் கடைசி வார்த்தையாக அதை ஏற்க மாட்டேன்.

அகார்தட்டு

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பணம் குறைவென்றால் பல ஜீன்களைச் சேர்த்து மரம் வரையுங்கள். விப்ரியோக்களுக்கு வழக்கமாக எடுப்பவை எஃப்டிஎஸ்-இசட், கேப்-ஏ, ஜைர்-பி, எம்ஆர்இ-பி, பைர்-எச், ரெக்-ஏ, ஆர்பிஓ-ஏ, டோப்-ஏ. எல்லாம் முடியாவிட்டால் டோப்-ஏ, எம்ஆர்இ-பி, பைர்-எச் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். மரத்தில் கட்டாயமாக டைப் ஸ்ட்ரெயின்கள் இருக்க வேண்டும். டைப் ஸ்ட்ரெயின் என்றால் அந்தச் சிற்றினப் பெயர் யாரோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த ஒரு உயிருள்ள வளர்ப்பு. ஹார்வேயிக்கு ஏடிசிசி 14126, கேம்பெல்லிக்கு ஏடிசிசி 25920. ஓவென்சிக்கு டிஒய்05. 'எனது பாக்டீரியம் ஹார்வேயியா' என்ற கேள்விக்கு முழு அர்த்தம், 'ஏடிசிசி 14126-க்கு இது எவ்வளவு நெருக்கம்' என்பதே.

முடிந்தால் முழு ஜீனோமை வாசித்துவிடுங்கள். பிறகு ஏஎன்ஐ கணக்கிடலாம். ஒரு ஜீனோமைத் துண்டுகளாக்கி, மற்றதில் ஒவ்வொரு துண்டுக்கும் இணையான பகுதியைத் தேடி, அந்த ஒப்புமைகளின் சராசரியை எடுப்பதுதான் அது. 95 முதல் 96 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒரே சிற்றினம். இந்த எல்லை பழைய டிஎன்ஏ கலப்புச் சோதனையிலிருந்து வந்தது. 1987-இல் ஒரு குழு 70 சதவீதக் கலப்பைச் சிற்றின எல்லையாக வைத்தது, அதற்கு இணையான இடம் ஏஎன்ஐயில் இங்கே விழுகிறது. ஹார்வேயியும் கேம்பெல்லியும் அந்தப் பழைய சோதனையில் 70-ஐ ஒட்டியே நின்றன, அதனால்தான் இத்தனை காலக் குழப்பம். ஏஎன்ஐயில் அவை தெளிவாகப் பிரிகின்றன.

ஜீனோம் வந்ததும் முதலில் அளவைப் பாருங்கள். இந்தக் கூட்டத்துக்கு 5 முதல் 6 மில்லியன் எழுத்துகள், இரண்டு குரோமோசோம்கள். 10 மில்லியன் வந்தால் இரண்டு பாக்டீரியங்கள் கலந்திருக்கலாம், கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டுத் தட்டுக்குத் திரும்புங்கள்.

அலைவரிசை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், பக்கத்துக் கேள்வி. என்னிடம் வளர்ப்பே இல்லை. கடல்நீரிலிருந்து நேரடியாக எடுத்த 16எஸ் ஜீனின் வி4 என்ற சிறு பகுதி, 250 எழுத்து வரிசைகள் மட்டும். மென்பொருள் சிலவற்றுக்குச் சிற்றினப் பெயர் தருகிறது. அட்டவணையில் போடலாமா?

ஆழ்கடல்

வேண்டாம். பேரினத்தோடு நிறுத்துங்கள், சில குழுக்களுக்கு அதுவும் கிடைக்காது. முழு 16எஸ்ஸே பிரிக்காத இடத்தில் 250 எழுத்து எப்படிப் பிரிக்கும்? உங்கள் அட்டவணையில் எஸ்ஏஆர்11 என்ற கடல் பாக்டீரியக் கூட்டம் நிறைய இருக்கும். 1990-இல் சர்காசோ கடல் நீரில் வெறும் வரிசையாகத்தான் அது முதலில் தெரிந்தது. 2002-இல்தான் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். பெலாஜிபாக்டர் யூபிக் என்று பெயர் வைத்தும் முன்னால் 'கேண்டிடேட்டஸ்' (முறைப்படி ஏற்கப்படாத பெயர்) என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பாக்டீரியப் பெயர்ச் சட்டப்படி, உயிருள்ள டைப் ஸ்ட்ரெயினை வெவ்வேறு நாடுகளில் உள்ள குறைந்தது இரண்டு சேகரிப்பகங்களில் கொடுத்தால்தான் பெயர் செல்லும். கடலின் மேற்பரப்பில் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் ஒரு கூட்டமே அந்தக் கதவுக்கு வெளியே நின்றது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜீனோமையே டைப்பாக ஏற்கும் செக்கோட் என்ற மாற்று விதித்தொகுப்பு 2022-இல் வந்திருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன்.

உப்புக்காற்று

அனைவருக்கும் நன்றி. மீண்டும் தூய்மைப்படுத்தி டோப்-ஏ வாசித்தோம். முகடுகள் சுத்தமாக இருக்கின்றன. 16எஸ்ஸில் மட்டும் அதே இடங்களில் இரட்டை. வழிகாட்டி ஒப்புக்கொண்டு ஜீனோமுக்கும் அனுப்பினார். அளவு 6 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. கேம்பெல்லி டைப் ஸ்ட்ரெயினோடு ஏஎன்ஐ 97-க்கு மேல். ஹார்வேயி, ஓவென்சி இரண்டோடும் 95-க்கு வெகு கீழே. ஆய்வேட்டில் எப்படி எழுதுவது? இறாலுக்கு நோய் தரும் சிற்றினம் என்றும் சேர்க்கலாமா?

நெய்தல்

அருமை. 'விப்ரியோ கேம்பெல்லி' என்று எழுதி, பக்கத்திலேயே உங்கள் ஸ்ட்ரெயின் எண்ணைக் கொடுங்கள். எந்த டைப் ஸ்ட்ரெயினோடு ஒப்பிட்டீர்கள், ஏஎன்ஐ எவ்வளவு, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி போதும்.

நோய் பற்றிய வரியைப் பெயரை வைத்து மட்டும் எழுதாதீர்கள். இறாலின் கல்லீரல் கணையத்தை அழிக்கும் ஏஎச்பிஎன்டி நோய்க்குக் காரணமான பிர்-ஏ, பிர்-பி நச்சு ஜீன்கள் சுமார் 70 ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு பிளாஸ்மிடில் இருக்கின்றன. 2013-இல் அந்த நோயைப் பாராஹீமோலிட்டிகஸோடு மட்டும் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு கேம்பெல்லி, ஓவென்சி, ஹார்வேயி ஸ்ட்ரெயின்களிலும் அந்த ஜீன்கள் கிடைத்தன. பிளாஸ்மிட் சிற்றின எல்லையைத் தாண்டிப் போகும். ஜீனோம் உங்கள் கையில் இருக்கிறது, அந்த இரண்டு ஜீன்களையும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அவை இந்த ஸ்ட்ரெயினில் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். இருந்தால் அந்த அத்தியாயமே வேறு.

அகார்தட்டு

ஒன்று சேர்க்கிறேன். கிளிசரால் கலந்த வளர்ப்பை மைனஸ் 80 உறைபெட்டியில் இரண்டு குழாய்களிலாவது வையுங்கள், ஒரு குழாயை ஏதாவது பொதுச் சேகரிப்பகத்துக்கு அனுப்புங்கள். வரிசையைத் தரவுத்தளத்தில் போடும்போது பெயர்க் கட்டத்தில் கேம்பெல்லி என்றே போடுங்கள். 16எஸ் மட்டும் வந்த நாளில் யாராவது ஹார்வேயி என்று வரைவுப் பதிவு செய்திருந்தால் அதையும் இப்போதே திருத்திவிடுங்கள்.