உருளைக்கிழங்கு அகர் ஊடகம்: அவசரமாக ஊற்றியதால் இழந்த தட்டுகள்

சிப்பிக் காளானின் திசுவை எடுத்து வளர்க்கும் ஆவலில் முதன்முதலாக வீட்டில் ஊடகம், அதாவது திசு வளர்வதற்கான சத்துக்கூழ், தயாரித்தபோது, அளவுகளில் செலுத்திய கவனத்தில் பாதியைக்கூட ஆறவைப்பதில் நான் செலுத்தவில்லை. 200 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, துண்டுகளாக நறுக்கி, அரை மணி நேரம் வேகவைத்து, மசிக்காமல் சாற்றை மட்டும் துணியில் வடிகட்டினேன். அதில் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையும், கரைசலை உறையவைக்க, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் தூள் 15 கிராமும் சேர்த்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி நீர் ஊற்றி, அகர் முழுவதும் கரையும்வரை கிளறிக்கொண்டே சூடாக்கினேன்.

கரைசலை நான்கு புட்டிகளில் பாதியளவு நிரப்பி, வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, பிரஷர் குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்தேன். அந்த அழுத்தத்தில்தான் நீராவி 121 டிகிரி செல்சியஸை எட்டும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் சில பாக்டீரியாக்களின் வெப்பம் தாங்கும் வித்துகள் பிழைத்துவிடும்.

தவறு அதற்குப் பிறகு நேர்ந்தது. புட்டியைத் துணியால் பிடிக்க வேண்டிய சூட்டிலேயே, மூடி போட்ட வட்டமான ஆய்வகத் தட்டுகளில் ஊற்றிவிட்டதால், மூடிகளின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஒரு தட்டின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சணப் புள்ளி ஒன்று தெரிந்தது. அங்கிருந்து ஒரு நீர்த்துளி ஓடிய தடம் நெடுகிலும் சிறு பச்சைப் புள்ளிகள் வரிசையாக முளைத்திருந்தன. எங்கோ விழுந்த ஒரு வித்தின் சந்ததியை அந்தத் துளியே தட்டு முழுவதும் கொண்டுசென்றிருந்தது.

இப்போது 45 முதல் 50 டிகிரிக்கு, அதாவது புட்டியை வெறுங்கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்கிறேன். ஏறத்தாழ 85 டிகிரியில் உருகும் அகர், 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே உறைவதால் இதற்குப் போதிய அவகாசம் உண்டு. வெயில் காலத்தில் இளகிவிடும் ஜெலட்டினுக்கு மாற்றாக, சமையலில் தாம் பயன்படுத்திவந்த அகரை 1881இல் ஆய்வகத்துக்குப் பரிந்துரைத்த, நுண்ணுயிர் ஆய்வாளர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸேயை ஒவ்வொரு முறையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

உறைந்த தட்டுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, எதையும் இடாமல் மூன்று நாள் வைத்திருப்பதும் என் வழக்கமாகிவிட்டது. இரண்டாம் முறை ஒரு புட்டியிலிருந்து ஊற்றிய 12 தட்டுகளில் இரண்டில், ஒன்றும் இடாதபோதே புள்ளிகள் தோன்றின. அவற்றைத் திறக்காமல் ஒதுக்கிவிட்டு, காளானைக் கையால் பிளந்து, காற்றுப் படாத உட்சதையிலிருந்து கடுகளவு திசுவை, தணலாகக் காய்ச்சி ஆறவிட்ட கத்தியால் எடுத்து, மீதிப் பத்திலும் வைத்தேன்.

நான்காம் நாள் திசுவைச் சுற்றி வெண்ணிற இழைகள் பஞ்சுபோலப் படர்ந்தன. ஒரு தட்டில் மட்டும் ஒரு பக்கம் பச்சை தலைகாட்டியது; அதன் எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து தூய இழையைச் சிறு சதுரமாக வெட்டி, புதிய தட்டுக்கு மாற்றியிருக்கிறேன்.