ஊர்ல அஞ்சு சங்கம், அஞ்சு கம்ப்ளைன்ட்... கிராம சபைக்கு எதைக் கொண்டு போறது?

தெக்குத்தெரு: வணக்கம் மக்களே. எங்க ஊராட்சில மகளிர் குழு, வியாபாரிங்க சங்கம், ஜமாத், கோயில் கமிட்டி, பசங்க கிரிக்கெட் டீம்னு எல்லாம் இருக்கு. ஜனவரி 26 கிராம சபைக்கு சேர்ந்து போலாம்னா கடைக்காரங்க ரோடுங்குறாங்க, குழு அக்காங்க கொசுங்குறாங்க, பசங்களுக்கு கிரவுண்ட் வேணுமாம். எப்படி ஒண்ணா முடிவு பண்றது?

வாய்க்கா மேடு: என்ன வேணும்னு கேக்காதீங்க பாஸ், சண்டையே அங்கதான் ஆரம்பிக்கும். எந்த எடத்துல தொல்லைனு கேளுங்க. நாங்க ஸ்கூல் வாசல்ல கோலமாவுல ஊர் மேப் போட்டு, பழைய வாய்க்கால் எங்க ஓடுச்சுன்னு பெருசுங்கள வரையச் சொல்லி, ஆளுக்கு பத்து புளியங்கொட்டை குடுத்து தொல்லை இருக்குற எடத்துல வைக்கச் சொன்னோம், பாத்தா பாதி கொட்டை சந்தைகிட்ட இருக்குற சிறுபாலத்த சுத்தி கிடக்கு. உள்ள இளநீர் மட்டையும் கேரிபேகும் அடைச்சு தண்ணி ரோட்டுல ஏறுது, ரோடு பேத்துக்குது, கிரவுண்ட்ல தேங்குது, கொசுவும் அங்கதான்.

குழு அக்கா: நல்ல ஐடியா தம்பி. ஆனா மீட்டிங்க ராத்திரி 7 மணிக்கு வச்சா நாங்க அடுப்ப விட்டு வர முடியுமா? கோயில் மண்டபம், பள்ளிவாசல் ரெண்டும் வேணாம், வர தயங்குவாங்க, ஸ்கூல்தான் சரி. அப்புறம் தெக்குத்தெரு தம்பி, உங்க லிஸ்ட்ல காலனி ஆளுங்க யாருமே இல்லையே? பைப் கடைசில இருக்குறவங்களுக்குத்தான் தண்ணி வராதது தெரியும், அவங்க இல்லாம பொதுப் பிரச்சனைனு எப்படி சொல்லுவீங்க. குழு கூட்டமைப்புல கிராம வறுமை குறைப்புத் திட்டத்துக்குனு எடுத்த தேவைகள் லிஸ்ட் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்க.

மூணாவது வார்டு: கோரம் முக்கியம், அதாவது சபை செல்லணும்னா குறைஞ்சது இத்தனை பேர் வந்திருக்கணும்ங்குற கணக்கு. மக்கள்தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 3000 வரைக்கும் 100, 10000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. எந்த சங்கமும் தனியா இவ்ளோ பேர கூட்டாது, சேர்றதுக்கு அதுவே போதுமான காரணம். தீர்மானத்த நோட்டுல எழுதி வாசிச்ச பிறகு கையெழுத்து போடுங்க, வெத்துப் பக்கத்துல போட்டுட்டு டீ குடிக்க போயிடாதீங்க 😄

தெக்குத்தெரு: சூப்பர். காலனில இன்னைக்கே பேசிடுறேன்கா. வாய்க்கா மேடு ப்ரோ, மேப்ப அப்புறம் என்ன பண்ணீங்க?

வாய்க்கா மேடு: போட்டோ எடுத்து, பசங்கள விட்டு சார்ட்ல வரைஞ்சு சபைக்கு கொண்டு போனோம். மழை இல்லாத நாளா பாத்து வைங்க. ஆடு வந்தா கொட்டைய தின்னுடும், ஒரு ஆள நிறுத்துங்க.